கவனிப்பவர் பெயரும் கணக்கில் இருக்கட்டும்

எங்கள் பழவங்காடிக் கிளையில் ஆண்டு முழுவதிலும் கூட்டம் மிகுந்த மாதம் நவம்பர். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வருவார்கள். கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு நேரே கிளைக்கு வருகிறவர்களும், சாலை பஜாரில் சரக்கு எடுக்க வந்த வழியில் எட்டிப் பார்க்கிறவர்களும் ஒரே வரிசையில் காத்திருப்பார்கள். சென்ற நவம்பரில் அத்தகைய ஒரு காலைப் பொழுதில், ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி ஒருவர் தம் தாயாரின் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை எங்கள் முன் வைத்தார். அக்குடும்பத்தின் அடையாளங்களை மாற்றியே இங்கே சொல்கிறோம்.

தாயாருக்கு வயது 78. இரண்டு நாட்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்துவிட்டன. அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனை முன்பணம் கேட்டிருந்தது. கணக்கில் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. ஷார்ஜாவில் பணிபுரியும் மகன் பன்னிரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அனுப்பிய தொகையில் மிஞ்சியது அது. ஆனால் கணக்கு தாயாரின் பெயரில் மட்டுமே இருந்தது. அவரால் கையொப்பமிட இயலாது. ஏடிஎம் அட்டையின் காலம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகனோ மாத நடுவில் கையிருப்பு ஏதுமின்றி, விடுப்புக்காக மேலாளரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். பகலில் ஜவுளிக்கடையில் வேலை, காலையும் மாலையும் தாயைக் குளிப்பாட்டி மருந்து கொடுத்து உணவூட்டும் வேலை என்று இத்தனை ஆண்டுகளும் இரண்டு பணிகளைச் சுமந்த மகளின் பெயர், அந்தக் கணக்கின் எந்தத் தாளிலும் இல்லை.

"பணம் இருக்கு சார். எடுக்கத்தான் எனக்கு வழியில்லை" என்றார் அவர். கையில் கிடந்த இரண்டு வளையல்களை முந்தின நாளே அடகு வைத்து, முன்பணத்தில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

இத்தகைய நிலைமைக்கு விதிகளில் வழி உண்டு. நோயுற்றுக் கையொப்பமிட இயலாத வாடிக்கையாளரின் பெருவிரல் ரேகையை, அதுவும் இயலாவிடில் கால் பெருவிரல் ரேகையை, வங்கி ஏற்றுக்கொள்ளலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும். அவர்களுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். அவ்வாறே எங்கள் அலுவலர் ஒருவர் மறுநாள் மருத்துவமனைக்குச் சென்று இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பெற்று வந்தார். பணம் கிடைத்தது, சிகிச்சையும் நடந்தது. ஆயினும் அந்த வளையல்கள் எங்கள் நினைவை விட்டு நீங்கவில்லை. சொந்தப் பணம் நான்கு லட்சம் வங்கியில் இருக்கையில், அதே குடும்பத்தின் நகை ஏன் வட்டிக்குப் போக வேண்டியிருந்தது?

எங்கள் கருத்து இதுதான். பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்துப் பெற்றோரை இங்கே பேணும் குடும்பங்களில், பணம் அனுப்புகிறவருக்கு உரிய இடம் கிடைத்துவிடுகிறது. அருகிருந்து கவனிக்கிறவருக்குப் பெயரும் இல்லை, அதிகாரமும் இல்லை, ஊதியமும் இல்லை. இந்தக் குறையைக் களையாதவரை, எத்தனை ரூபாய் வந்தாலும் அது தேவைப்படும் நாளில் தேவைப்படும் கைக்குப் போய்ச் சேராது.

அனுப்பும் மாநிலங்களே முதுமை மிகுந்த மாநிலங்கள்

இது ஒரு வீட்டின் கதையன்று. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024-இல் வெளிநாடு வாழ் இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 129 பில்லியன் டாலர். உலகிலேயே மிகுதியான தொகை இதுவே. ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டுக்கு நடத்திய ஆய்வில், இவ்வாறு வரும் தொகையில் மகாராஷ்டிரம் 20.5 விழுக்காடும், கேரளம் 19.7 விழுக்காடும், தமிழ்நாடு 10.4 விழுக்காடும் பெற்றதாகத் தெரியவந்தது. கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்த்தால் நாட்டுக்கு வரும் பத்து ரூபாயில் மூன்று ரூபாய் நம் இரு மாநிலங்களுக்கும் வருகிறது.

நம் திருவனந்தபுரத்தில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அந்த வரிசையில் 2023-இல் நடந்த கணக்கெடுப்பு, ஏறத்தாழ 22 லட்சம் கேரளத்தவர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2015-இல் நடந்த இடப்பெயர்வுக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையைக் காட்டியது. மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் நாடு முழுவதற்கும் 8.6 விழுக்காடாக இருக்கையில், கேரளத்தில் 12.6 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடாகவும் இருந்தனர். பிள்ளைகளை மிகுதியாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் மாநிலங்களே முதியோர் மிகுந்த மாநிலங்களாகவும் உள்ளன.

பழவங்காடியைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பிரிவு புதிதன்று. நெல்லைப் பகுதியிலிருந்தும் நாகர்கோவில் பகுதியிலிருந்தும் சாலை பஜாருக்கு வணிகம் செய்ய வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே ஏராளம். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. அக்காலத்தில் தந்தை இங்கே கடையில் இருப்பார்; பாட்டி ஊரில் இருப்பார். தந்திக்கு வந்து சேர ஒரு பகலே போதும். பேருந்தில் ஏறினால் மாலைக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். ஊரிலும் சித்தப்பாவோ பெரியம்மாவோ கூடவே இருப்பார்கள். எழுபதுகளில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகியபோது, அதே குடும்பங்களின் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். தொலைவு கூடிற்று, கூடவே வீட்டில் எஞ்சியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. நான்கைந்து பேர் பகிர்ந்துகொண்ட பணி இன்று ஒரே ஒருவர் மேல் விழுந்திருக்கிறது.

அங்கே இருப்பவரின் கட்டு

அந்த ஒருவருக்காகப் பேசும்போது, கடல் கடந்திருப்பவரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அவர் கைகளும் கட்டப்பட்டே இருக்கின்றன.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறையை எடுத்துக்கொள்வோம். 2021-இல் இயற்றப்பட்டு 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு அளிக்கிறது. வாழ்க்கைத் துணை இறந்தால் ஐந்து நாளும், பெற்றோர் இறந்தால் மூன்று நாளும் ஊதியத்துடன் துக்க விடுப்பு உண்டு. ஆனால் படுக்கையில் கிடக்கும் பெற்றோரைக் கவனிப்பதற்கென்று தனி விடுப்பு அதில் இல்லை. இறுதிக் காரியத்துக்கு வர அனுமதி உண்டு. இறுதி நாட்களில் உடனிருக்க இல்லை.

பிரிட்டனில் 2023-இல் இயற்றிய பராமரிப்பாளர் விடுப்புச் சட்டம் 2024 ஏப்ரல் 6 முதல் செயற்படுகிறது. தம்மைச் சார்ந்து வாழும் நோயாளியையோ முதியவரையோ கவனிக்க ஆண்டுக்கு ஒரு வாரம் விடுப்புப் பெறலாம். ஊதியம் கிடையாது, எனினும் உரிமை என்று எழுதப்பட்டிருப்பதே ஒரு முன்னேற்றம். அதே நாட்டில், 2024 மார்ச் 11 முதல் முதியோர் பராமரிப்புப் பணிக்குச் சென்ற வெளிநாட்டவர் தம் துணையையும் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்ல இயலவில்லை. நம் பகுதியிலிருந்து அப்பணிக்குச் சென்ற பெண்களை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் அங்கே ஊதியம் பெற்றுப் பிறர் பெற்றோரைப் பேணுகிறார்கள். இங்கே அவர்களுடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் ஊதியமின்றி இன்னொருவர் பேணுகிறார். ஒரே பணி அங்கே உத்தியோகம் எனப்படுகிறது, இங்கே கடமை எனப்படுகிறது.

2020 மார்ச் இறுதியில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றுபோன நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. மே 7 அன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் சிறப்பு விமானங்கள் வந்து சேரும்வரை, ஊருக்குத் திரும்ப வழியே இருக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களுள் சிலர் தந்தையின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டார்கள். அந்நாட்களில் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் செய்து முடித்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மகளையோ மருமகளையோதான் கைகாட்டுவார்கள்.

இங்கே இருப்பவரின் கணக்கு

கிளையில் அமர்ந்து பல ஆண்டுகளாக நாங்கள் காணும் ஒரு காட்சி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில், "போன மாதம் அனுப்பியது என்ன ஆயிற்று?" என்ற கேள்வி வரும். கவனிப்பவர் மருந்துச் சீட்டு, ஆட்டோ கூலி, பரிசோதனைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அனுப்புகிறவர் கணக்குக் கேட்கிறார். செய்கிறவர் கணக்குச் சொல்கிறார். கேட்பதில் தவறில்லை. வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது. ஆனால் இரவில் மூன்று முறை எழுந்தது, வேலைக்கு விடுப்பெடுத்ததால் சம்பளம் பிடிக்கப்பட்டது, பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தது ஆகியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கவனிக்கிறவரின் முதுமைக்கு யார் சேமிக்கிறார்கள் என்பதும் அடுத்த கேள்வி. நாற்பது வயதில் வேலையைக் குறைத்துக்கொண்டவருக்கு வருங்கால வைப்பு நிதியும் குறைகிறது. பெற்றோர் காலமான பின் சொத்துப் பிரிவினை வரும். அப்போது அவர் ஐம்பத்தைந்து வயதில், சேமிப்பும் இன்றி, தொழில் அனுபவமும் அறுந்து நிற்கிறார். உடன்பிறந்தோர் பிரிந்து எங்கள் மேசைக்கு வருகிற வழக்குகளின் வேர் பல வேளைகளில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அன்பு குறைந்து வந்த சண்டைகள் அல்ல அவை. யார் எவ்வளவு சுமந்தார் என்பதை ஒருபோதும் எழுதி வைக்காததால் வந்த சண்டைகள்.

கணக்கில் செய்யத் தக்கவை

வங்கியாளர் என்ற முறையில், செலவின்றி இன்றே செய்யக்கூடிய சில ஏற்பாடுகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பெற்றோரின் பெயரில் பராமரிப்புக்கென்றே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு. அதில் கவனிக்கிறவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் இயக்கலாம். மாதச் செலவும் அவசரச் செலவுக்கான ஒரு தொகையும் மட்டும் அதில் இருந்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோகூட, நெருங்கிய உறவினர் என்ற வகையில், உள்நாட்டில் வாழும் பெற்றோரின் சேமிப்புக் கணக்கில் இதே முறையில் கூட்டாகச் சேர ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. பெற்றோருக்காக உள்நாட்டுச் செலவுகளைச் செலுத்த அவர் அதை இயக்கலாம். தம் சொந்தப் பயனுக்காக இயக்கக் கூடாது. மருத்துவமனைக் கட்டணத்தை ஷார்ஜாவிலிருந்தே செலுத்த இது உதவும்.

இரண்டாவது, என்ஆர்இ கணக்கைப் பற்றிய தெளிவு. வெளிநாட்டில் இருப்பவரின் என்ஆர்இ கணக்கில் உள்நாட்டு உறவினரைச் சேர்க்கலாம். ஆனால் 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில்தான். அதாவது, முதலாமவர் உயிருடன் இருக்கையில், அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தாலன்றி மற்றவர் பணம் எடுக்க இயலாது. பெயர் சேர்த்தாயிற்று என்று நிம்மதியாக இருந்து, அவசர நாளில் ஏமாந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, நியமனதாரர் என்றால் யார் என்ற புரிதல். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், பங்கும் குறிப்பிடலாம். நல்ல மாற்றம் இது. ஆனால் நியமனம் உயிர் பெறுவது கணக்குதாரர் மறைந்த பின்னரே. நோய்க் காலத்தில் நியமனதாரரால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. "நாமினி நான்தானே" என்று மருத்துவமனைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு இதை விளக்குவது எங்கள் பணிகளுள் மிகவும் வருத்தம் தருவது.

நான்காவது, அதிகாரப் பத்திரத்தின் எல்லை. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அது முடிந்துவிடும் என்பதைப் பலரும் அறிவார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தாலும் அது முடிந்துவிடும் என்பதைச் சிலரே அறிவார்கள். மறதி நோய் வந்த பின்பு அதிகாரப் பத்திரத்தை நம்ப முடியாது. புதிதாக எழுதிக் கொடுக்கவும் அவரால் இயலாது. நினைவிழந்து கிடப்போருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்தது. ஆயினும் அது நீதிமன்றத்தின் வழி. காலமும் செலவும் ஆகும். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு, அவர் கையாலேயே ஏற்பாடுகளைச் செய்து முடிப்பதுதான் அவருக்கும் மரியாதை.

ஐந்தாவது, ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கடைக்காரரிடமும் அட்டையையும் எண்ணையும் கொடுத்துப் பணம் எடுக்கச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கவனிக்கிறவருக்கு முறையான அதிகாரம் தராததன் விளைவே இது. உரியவர் பெயரைச் சேர்த்துவிட்டால், பிறர் கைக்கு எண்ணைக் கொடுக்க வேண்டிய தேவையே எழாது.

இவற்றோடு, எழுபது வயதைக் கடந்தோருக்கும் உடல் நலிந்தோருக்கும் வீட்டு வாசலிலேயே அடிப்படைச் சேவைகளை அளிக்க முயல வேண்டும் என 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பணம் பெறுதல், கொடுத்தல், உயிர்வாழ் சான்று ஆகியவை அதில் அடங்கும். உயிர்வாழ் சான்றைக் கைப்பேசியில் முகப்பதிவின் மூலமாகவும் அளிக்கலாம். இத்தகைய சேவைகள் இருப்பதை வாடிக்கையாளர் கேட்கும்வரை நாங்கள் சொல்லாமல் இருந்த நேரங்கள் உண்டு. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறோம். கணக்கு தொடங்கும் நாளிலேயே, "உங்களுக்கு முடியாமற்போனால் யார் வருவார்?" என்று கேட்பது எங்கள் வழக்கமாக வேண்டும்.

ஐயம் ஒன்று

இதற்கு எதிரான வாதம் வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. "பெயரைச் சேர்த்தால் பணத்தைச் சுருட்டிவிடுவார்கள். பெற்றோரைத் தெருவில் விடுவார்கள்" என்பார்கள். அவ்வாறு நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்ததும், பேணுவதாக ஒப்புக்கொண்டு சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால் அந்த உரிமை மாற்றத்தை இரத்துச் செய்ய அதன் 23ஆம் பிரிவு வழிசெய்வதும் இதனால்தான்.

ஆகையால்தான் எல்லாப் பணத்தையும் கூட்டுக் கணக்கில் வைக்கச் சொல்லவில்லை. வீடும் பெரிய வைப்புத்தொகைகளும் பெற்றோரின் பெயரிலேயே இருக்கட்டும். பராமரிப்புக் கணக்குக்கு மட்டும் மாதந்தோறும் ஒரு தொகை தானாக மாறும்படி உத்தரவு கொடுக்கலாம். கணக்கறிக்கை மின்னஞ்சலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகலாம். வெளிப்படைத்தன்மை கவனிக்கிறவருக்கும் காப்பு. ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் தொலைபேசியில் விளக்கம் சொல்லும் நிலைமை அவருக்கு இராது, கணக்கே பேசும்.

இன்னொரு படி மேலே சென்று, கவனிக்கிறவரின் சொந்தக் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்துங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். "தாயைப் பார்ப்பதற்குக் கூலியா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கூலி என்று அதைக் கொள்ள வேண்டாம். அவர் இழந்த சம்பளத்துக்கும் அவருடைய முதுமைக்கும் உடன்பிறந்தோர் செலுத்தும் பங்கு அது. பொது வருங்கால வைப்பு நிதியிலோ தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ அவர் பெயரில் சேர்ந்தால், பின்னாளில் பிரிவினை மேசையில் அந்தப் பங்கு பல கசப்புகளைத் தவிர்க்கும்.

வீட்டுக்கு வெளியே

கவனிக்கும் சுமையை ஒரு வீடே தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதைக் கேரளம் ஓரளவு காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சை இயக்கம், அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்துப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008-இல் மாநில அரசு தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகச் செவிலியர் வீடு தேடி வரும் முறை பரவிற்று. நம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல்லியம் இந்தியா 2003 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பெற்றோர் வாழும் வட்டாரத்தின் தணிப்புச் சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது, அடுத்த விமானச் சீட்டின் விலையைத் தெரிந்து வைத்துக்கொள்வதைவிட முதன்மையானது.

நம் கடைகளையும் அலுவலகங்களையும் நடத்துவோருக்கும் ஒரு சொல். உங்கள் விற்பனையாளர் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் கேட்கும் அரைநாள், கடல் கடந்திருக்கும் அவருடைய அண்ணனின் வேலையையும் காக்கிறது. அது மறுக்கப்பட்டால் இரண்டு பேருடைய பிழைப்பும் ஆட்டம் காணும்.

சாலை பஜாரில் மூட்டை சுமக்கும் வங்காள, அசாம் இளைஞர்களையும் இந்த வரிசையில் சேர்த்தே எண்ண வேண்டும். கேரளம் அவர்களை 'அதிதி தொழிலாளர்' என்று அழைக்கிறது. நம் பிள்ளைகள் வளைகுடாவில் செய்வதையே அவர்கள் இங்கே செய்கிறார்கள். எங்கள் கிளையில் ஒருபுறம் அயலகத்திலிருந்து பணம் வந்து சேர்கிறது. மறுபுறம் அவர்களுடைய பணம் ஊருக்குப் புறப்படுகிறது. அவர்களுக்கும் ஊரில் தாய் உண்டு. தாயருகில் ஒரு தங்கையோ அண்ணியோ உண்டு. அவர்களுள் ஒருவர் ஊருக்குப் போக ஒரு வாரம் கேட்கும்போது, நம் பிள்ளையின் மேலாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படி நாமும் நடந்துகொள்வோம்.

ஒரு கையொப்பம்

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் மகன் சனவரியில் பதினெட்டு நாள் விடுப்பில் வந்தார். அதில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கினார். எங்கள் அலுவலர் அவர்கள் வீட்டுக்குச் சென்றார். பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு, மூவர் பெயரிலும். தங்கைக்கு மாதந்தோறும் ஒரு தொகை, அவருடைய சொந்தக் கணக்கில். அடகிலிருந்த வளையல்களை அண்ணனே மீட்டு வந்திருந்தார்.

தாயாரின் மணிக்கட்டு கூடியிருந்தது. படிவத்தில் நடுங்கும் கையால் தம் பெயரை எழுதினார். பிறகு பேனாவை மகளிடம் நீட்டி, "மக்களே, இனி நீயும் கையெழுத்துப் போடு" என்றார்.

அங்கே செலவான நேரம் நாற்பது நிமிடம். அடுத்த விடுப்புக்கு உங்கள் பிள்ளைகள் வரும்போது, திருமண வீடுகளுக்கும் கோயில்களுக்கும் நாள் ஒதுக்குவதோடு, அந்த நாற்பது நிமிடத்தையும் ஒதுக்கச் சொல்லுங்கள். கிளைக்கு வர இயலாவிட்டால் தெரிவியுங்கள், நாங்கள் வருகிறோம்.